வெல்டிங் கற்போம்: முதலில் கண், அடுத்து கை, கடைசியில் கடன்



நம் குழுக்களில் தொழில் கடன் என்றால் தையல், கறவை மாடு, மசாலாப் பொடி, பெட்டிக்கடை என்று நாலைந்து தொழிலுக்குள்ளேயே சுற்றி வருகிறோம். ஒரே தெருவில் மூன்று தையல் மெஷின் இருந்தால் மூன்று பேருக்குமே வேலை பத்தாது. ஆனால் அதே தெருவில் ஆட்டுப்பட்டிக் கதவு உடைந்தால் என்ன செய்கிறோம்? வாசல் கேட்டின் கீல் விட்டுப்போனால்? சைக்கிள் கேரியர் முறிந்தால்? டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆட்டோவுக்குக் காசு, பட்டறைக்குக் காசு, அன்றைய கூலியும் போச்சு.

அந்த வேலையை நம் ஊரிலேயே, நம்மில் ஒருத்தி செய்தால் என்ன? அதற்கான பாடம்தான் இது. படிக்கத் தெரிந்தவர் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் இடையிடையே கேள்வி கேளுங்கள்.

பாடம் முழுவதையும் மூன்று சொல்லில் சொல்லிவிடலாம்: கண், கை, கடன். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் கண்ணையும் உடம்பையும் காக்கக் கற்க வேண்டும். அடுத்து கை பழக வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டும். கடனில் தொடங்கி, மெஷினை வீட்டில் இறக்கிய பிறகு 'இனி கத்துக்கலாம்' என்று உட்கார்ந்தால், தவணை மட்டும் உட்காராது. அது மாதாமாதம் வந்து நிற்கும்.

பெண்களுக்கு இது ஆகுமா?

நிச்சயம் ஆகும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அமெரிக்காவில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் பழகிக் கப்பல் கட்டினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராஜஸ்தான் மாநிலம் திலோனியா கிராமத்தில் உள்ள 'பேர்ஃபுட் காலேஜ்' என்ற நிறுவனத்தில், அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து வெயிலில் சமைக்கும் பெரிய சூரிய அடுப்புகளைச் செய்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழிலில் தனிப் பெயர் உண்டு. திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனம் கொதிகலன் செய்கிறது. அங்கேயே 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன.

வெல்டிங்குக்குப் பெரிய உடல்பலம் தேவையில்லை. கையில் பிடிக்கும் ஹோல்டரும் கம்பியும் சேர்ந்தே ஒரு கிலோ வராது. தேவைப்படுவது நடுங்காத கை, கூர்ந்த கவனம், பொறுமை. அரிசிமாவைப் பிசிறில்லாமல் இழுத்துக் கோலம் போடுகிற கைக்கு இந்த மூன்றும் புதிதல்ல. கனமான இரும்பைத் தூக்க மட்டும் துணைக்கு ஆள் வேண்டும். அது ஆண் வெல்டருக்கும் வேண்டும்.

வெல்டிங் என்றால் என்ன?

இரண்டு இரும்பை ஒட்டவைப்பதல்ல வெல்டிங். இரண்டின் ஓரத்தையும் உருக்கி ஒன்றாக்குவது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மெஷின் வாங்கி, வோல்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறது. மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்றின் முனையில் உள்ள எர்த் கிளாம்ப்பை வேலை செய்யும் இரும்பில் கவ்வ வைக்க வேண்டும். மற்றொன்றின் முனையில் ஹோல்டர். அதில் வெல்டிங் ராடு.

ராடின் நுனியை இரும்பில் உரசிச் சற்றே தூக்கினால், அந்தச் சின்ன இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து ஒளிப்பிழம்பாக எரியும். அதற்கு ஆர்க் என்று பெயர். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வெப்பம் போதும். ஆர்க்கின் வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேல். ராடின் மேல் உள்ள பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கும். மீதிப் பூச்சு, காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே கசடாகப் படியும். ஆறிய பிறகு அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும்.

முதலில் கண்

வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் இருக்கிறது. வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு, ஏழு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. இதைத்தான் பட்டறைக்காரர்கள் 'கண் அடிச்சிடுச்சு' என்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். ஆனால் திரும்பத் திரும்ப அடிபட்டால் கண் கெடும்.

கண் அடித்தால் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம். புண்பட்ட கண்ணில் கிருமி போகும். மருந்துக்கடையில் நாமாகவே மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விடுவதும் ஆபத்து. கண்ணைத் தேய்க்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

கண்ணைக் காக்க மூன்று விதி:

1. முகம் முழுவதும் மறைக்கும் ஷீல்டு இல்லாமல் ஆர்க் அடிக்கக் கூடாது. அதில் உள்ள கறுப்புக் கண்ணாடி 10 அல்லது 11 எண்ணாக இருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது.

2. கசடு தட்டும்போதும் கிரைண்டர் ஓட்டும்போதும் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். சூடான கசடு தெறித்துக் கண்ணில் விழுவது அடிக்கடி நடப்பது.

3. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் அவர்கள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். வேலை இடத்தைச் சுற்றித் தகரமோ கெட்டித் தடுப்போ வைத்துவிட்டு, 'பார்க்காதீங்க' என்று குரல் கொடுத்த பிறகே ஆர்க் அடிக்க வேண்டும்.

உடம்பைக் காப்பது

உடை: நைலான், பாலியஸ்டர் சேலையும் துப்பட்டாவும் கூடவே கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சுடிதார் அல்லது பேண்ட், அதன்மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் ஷூ. முடியை முடிந்து துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி சட்டைக்குள்ளே இருக்கட்டும். 'பேண்ட் போட்டா ஊர் பேசும்' என்பவர்களுக்கு ஒரே பதில்: ஊர் நாலு நாள் பேசும், தீக்காயம் ஆயுசுக்கும் இருக்கும்.

மின்சாரம்: மெஷினின் எர்த் கிளாம்ப் வேறு, வீட்டு எர்த் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எர்த் கிளாம்ப் வேலை நடக்க. வீட்டு எர்த் உயிரைக் காக்க. மண்ணில் புதைத்த சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவு பிடிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு, இரண்டும் கட்டாயம். ஈரத்தரையில் நின்றும், வியர்த்து நனைந்த கையுறையோடும் வேலை செய்யாதீர்கள். மழை தூறினால் மெஷினை நிறுத்திவிடுங்கள்.

தீ: ஓலைக் கூரைக்கு அடியில் வெல்டிங் கூடாது. வைக்கோல் போர், விறகு, சாக்கு, பெட்ரோல், தின்னர் எல்லாம் குறைந்தது 35 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரம் உள்ள இடத்தில் மணல் மட்டும்தான். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது கனிகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

புகை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே காற்றோட்டமான இடத்தில், காற்று நம் பக்கவாட்டில் வந்து புகையைத் தள்ளிக்கொண்டு போகும்படி உட்காருங்கள். புகை எழும் இடத்துக்கு நேர் மேலே முகத்தை வைக்காதீர்கள். ஷீல்டுக்குள் என்.95 முகக்கவசம் போடுங்கள். ஜி.ஐ. பைப்பிலும் தகரத்திலும் துத்தநாகப் பூச்சு உண்டு. அது எரிந்த புகையை இழுத்தால் அன்று மாலையே குளிர்க்காய்ச்சல்போல நடுக்கும். வெல்லம் சாப்பிட்டால், பால் குடித்தால் சரியாகும் என்பது நம்பிக்கைதான். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில் செய்ய வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடைத்த டிரம், பெட்ரோல் டேங்க்: இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த டிரம்மைக் கழுவிவிட்டாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். பொறி பட்டதும் குண்டுபோல வெடிக்கும். யார் கெஞ்சினாலும், எவ்வளவு காசு தந்தாலும் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

அடுத்து கை

எங்கே கற்பது? மூன்று வழி இருக்கிறது.

1. மாவட்டந்தோறும் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் (ஆர்செட்டி). குறுகிய காலப் பயிற்சி, கட்டணம் கிடையாது, சாப்பாடும் உண்டு. எல்லா மாவட்டத்திலும் எல்லா நேரமும் வெல்டிங் வகுப்பு நடக்காது. குழுவாக நாலைந்து பேர் சேர்ந்து மனு கொடுத்தால் கேட்பார்கள்.

2. அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு. ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வீட்டில் இளம்பெண் இருந்தால் இதற்கு அனுப்பலாம்.

3. தெரிந்த பட்டறையில் உதவியாளாகச் சேர்வது. 'சம்பளம் வேண்டாம், பழகிக்கிறேன்' என்று போகாதீர்கள். குறைந்த சம்பளமானாலும் பேசிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கூட்டவும் டீ வாங்கவும்தான் வைத்திருப்பார்கள்.

என்ன ராடு? பழகுவதற்கு 6013 என்று எண் போட்ட ராடு நல்லது. 60 என்பது அதன் பலம், 1 என்பது எந்த நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதற்கு, 3 என்பது பூச்சின் வகை. கடையில் 12 நம்பர் என்றால் சுமார் 2.5 மி.மீ., 10 நம்பர் என்றால் சுமார் 3.15 மி.மீ. எண் குறையக் குறைய ராடு தடிக்கும். 12 நம்பருக்கு 60 முதல் 90 ஆம்பியர், 10 நம்பருக்கு 90 முதல் 130 ஆம்பியர் வைக்கலாம். ராடு ஈரம் இழுத்தால் வெல்டிங்கில் பொத்தல் விழும். மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள்.

முதல் வாரம்: நேர்க்கோடு. 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள பழைய பட்டை இரும்பை எடுத்து, துருவும் பெயிண்ட்டும் போகத் தேயுங்கள். சாக்பீஸால் கோடு போடுங்கள். ராடை நேர் செங்குத்தாகப் பிடிக்காமல், நீங்கள் போகும் பக்கம் மேல்நுனி சற்றே சாயும்படி பிடியுங்கள். தீக்குச்சி கிழிப்பதுபோல உரசித் தூக்குங்கள். ராடுக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் தடிமன் அளவே இடைவெளி இருக்க வேண்டும். ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வரும். அதனால் கையைக் கீழே இறக்கிக்கொண்டே, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முதலில் இதுதான் கஷ்டம்.

கண் எதைப் பார்க்க வேண்டும்? பளீரென்ற வெளிச்சத்தை அல்ல. அதன் பின்னால் சின்னக் குளம்போல உருகி நிற்கும் இரும்பைப் பாருங்கள். அந்தக் குளத்தின் அகலம் ஒரே சீராக இருந்தால் கோடும் சீராக வரும். காதுக்கும் வேலை உண்டு. வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வந்தால் சரி. படபடவென்று வெடித்தால் இடைவெளி அதிகம்.

ராடு ஒட்டிக்கொண்டால் பதறாதீர்கள். கையை வெடுக்கென்று ஒருபக்கமாகத் திருகினால் விட்டுவிடும். விடாவிட்டால் ஹோல்டரை அழுத்தி ராடைக் கழற்றிவிடுங்கள். எந்த நிலையிலும் ஷீல்டைக் கீழே இறக்காதீர்கள்.

கோட்டைப் பார்த்தே தவறைக் கண்டுபிடிக்கலாம்:

ராடு அடிக்கடி ஒட்டுகிறது, கோடு கயிறுபோல மேலே எழும்பி நிற்கிறது: ஆம்பியர் குறைவு.

இரும்பு ஓட்டையாகிறது, ஓரம் குழி விழுகிறது: ஆம்பியர் அதிகம்.

சுற்றிலும் சிதறல் சிதறலாக இரும்புப் பொட்டு: இடைவெளி அதிகம்.

ஊசிக்குத்துப் போலப் பொத்தல்: ராடில் ஈரம், அல்லது இரும்பில் துரு, பெயிண்ட், எண்ணெய்.

இரண்டாம் வாரம்: இணைப்பு. இரண்டு பட்டையைச் சேர்த்து வைத்து இணைப்பது, பிறகு ஒன்றின்மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி இணைப்பது. எடுத்த எடுப்பில் முழுக்கோடு இழுக்கக் கூடாது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, முதலில் இரண்டு மூன்று இடத்தில் சின்னப் பொட்டு வையுங்கள். இதை டேக் என்பார்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் தட்டி நிமிர்த்தி, பிறகுதான் முழுசாக இழுக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் சூட்டில் இரும்பு வளையும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சோதனை: ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்த செங்குத்து இணைப்பை ஆறவிட்டு, சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். உள்ளே கசடோ பொத்தலோ உருகாத இடமோ இருந்தால் தெரியும். மேலே பளபளவென்று இருந்து உள்ளே ஒட்டாத வெல்டிங்தான் ஆளைக் கொல்லும். பத்து இணைப்பு செய்து பத்தும் இந்தச் சோதனையில் தாங்கினால், உங்கள் கை பழகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மெல்லிய பைப் கடைசிப் பாடம். எளிதில் ஓட்டை விழும். 12 நம்பர் ராடு, குறைந்த ஆம்பியர், விட்டு விட்டுப் பொட்டு வைப்பது என்று பழக வேண்டும்.

கடைசியில் கடன்

ஏன் கடைசி? ஒரு கணக்குப் பார்ப்போம். சங்கத்தில் ரூ.20,000 கடன், மாதம் 1 சதவீத வட்டி, 20 தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் ரூ.1,000, வட்டி ரூ.200. இரண்டாம் மாதம் வட்டி ரூ.190, மூன்றாம் மாதம் ரூ.180. மெஷின் வாங்கிய பிறகு மூன்று மாதம் பழகுவதிலேயே போனால், ஒரு ரூபாய் சம்பாதிக்கும் முன் ரூ.3,570 கட்டியிருப்பீர்கள். அது வீட்டு அரிசியிலிருந்து போன காசு. கை பழகியவருக்கு முதல் மாதமே அந்த ரூ.1,200 வேலையிலிருந்து வரும்.

வாங்க வேண்டியதைக் கட்டம் கட்டமாக வாங்கலாம். கீழே உள்ள விலைகள் தோராயமானவை. மூன்று கடையில் விசாரித்து வாங்குங்கள்.

முதல் கட்டம், பயிற்சிக்குப் போகும்போது: ஷீல்டு, தெளிவான கண்ணாடி, தோல் கையுறை, ஷூ, பருத்திச் சட்டை. சுமார் ரூ.2,000. இதற்குக் கடன் வேண்டாம், சேமிப்பு போதும்.

இரண்டாம் கட்டம், கை பழகிய பிறகு:

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்: ரூ.6,000 முதல் 10,000.

4 அங்குல ஆங்கிள் கிரைண்டர்: ரூ.2,000 முதல் 3,500.

கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், சுத்தியல், டேப், மூலைமட்டம், அரம், ஹேக்சா, கிளாம்ப்: ரூ.2,000 முதல் 2,500.

தனி ஒயரிங், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த்: ரூ.3,000 முதல் 5,000.

ராடும் பழைய இரும்பும்: ரூ.1,000 முதல் 1,500.

ஆக மொத்தம் ரூ.14,000 முதல் ரூ.22,500 வரை. துளை போடும் மெஷின், வைஸ் போன்றவை மூன்றாம் கட்டம். அவற்றைச் சம்பாதித்த காசில் வாங்குங்கள்.

மெஷின் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, ரிப்பேர் ஆனால் பக்கத்து டவுனில் சரிசெய்வார்களா? இரண்டு, டூட்டி சைக்கிள் எவ்வளவு? 60 சதவீதம் என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நாலு நிமிடம் ஓய்வு. ஓய்வு தராமல் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். பழைய ட்ரான்ஸ்பார்மர் மெஷின் முரட்டு உழைப்பு உழைக்கும். ஆனால் கனம் அதிகம், மின்சாரமும் அதிகம் இழுக்கும். இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை இடத்துக்கே போகலாம். நமக்கு அதுதான் தோது.

கிரைண்டரில் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். வெட்டும் தட்டு உடைந்து பறந்தால் கத்திதான். தட்டில் எழுதியுள்ள வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கிரைண்டர் ஓட்டும்போது துணி தொங்கக் கூடாது.

இடம்: பத்துக்குப் பத்து அடி போதும். சிமெண்ட் அல்லது கெட்டித்தரை, தகரக் கூரை, இரண்டு பக்கம் காற்று வர வழி.

மின் இணைப்பு: வீட்டு பிளக்கில் செருகி ஓட்டினால் பழைய ஒயர் உருகும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் அபராதம் வரலாம். அதனால் தொடங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கி போட்டு ஓட்டும் பேச்சே வேண்டாம்.

சங்கக் கடன் பத்தாவிட்டால் வங்கியில் முத்ரா திட்டம் உண்டு. 2015-இல் வந்தது. சிசு பிரிவில் ரூ.50,000 வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் விசாரியுங்கள். பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் மேலாளரிடம் பேச்சு எளிதாகும்.

கூலியையும் எழுதுங்கள்

குடம் வைக்கும் மூன்றுகால் ஸ்டாண்டு ஒன்று செய்கிறோம். 10 மி.மீ. கம்பி. 25 செ.மீ. அகல வளையம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 79 செ.மீ. வேண்டும். 45 செ.மீ. கால் மூன்று. மொத்தம் 293 செ.மீ., அதாவது சுமார் 3 மீட்டர்.

கம்பியின் எடை காண எளிய வழி: தடிமனை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 பெருக்கல் 10, நூறு. நூறை 162-ஆல் வகுத்தால் 0.617 கிலோ. மூன்று மீட்டருக்கு 1.85 கிலோ. கிலோ ரூ.70 என்று வைத்தால் ரூ.130.

ராடு நாலு ரூ.20, கிரைண்டர் தட்டுத் தேய்மானம் ரூ.10, மின்சாரம் ரூ.10, பெயிண்ட் ரூ.30, மெஷின் தேய்மானம் ரூ.20. ஆகமொத்தம் ரூ.220.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறோம். ரூ.300-க்கு விற்று 'எண்பது ரூபா லாபம்' என்கிறோம். மூன்று மணி நேரம் குனிந்து செய்த வேலை எங்கே போச்சு? மணிக்கு ரூ.60 என்றாலும் கூலி ரூ.180. அப்போது அடக்கவிலை ரூ.400. கடையில் ரூ.350-க்கு விற்கிறார்கள் என்றால் ஒன்றொன்றாகச் செய்து கட்டாது. வளையம் வளைக்க ஒரு அச்சு செய்துகொண்டு, பத்தை ஒரே மூச்சில் செய்தால் நேரம் குறையும், அப்போது கட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பழுது வேலைதான் முதல் வருமானம். புதுப் பொருளுக்குக் கம்பெனியோடு போட்டி போட வேண்டும். உடைந்த கீலுக்கு யாரும் போட்டியில்லை. கீல், தாழ்ப்பாள், ஆட்டுப்பட்டிக் கதவு, கோழிக்கூண்டு, மண்வெட்டி வளையம், துணி உலர்த்தும் கம்பம், செடிப் பந்தல் இவற்றில் தொடங்குங்கள்.

முதல் ஓராண்டு தொட வேண்டாதவை: மாடிப்படி, கைப்பிடிக் கம்பி, தண்ணீர்த் தொட்டித் தாங்கி, ஊஞ்சல், டிராக்டர் கொக்கி, வண்டிச் சட்டம், எரிவாயு சிலிண்டர், குக்கர். இவை விட்டுப்போனால் உயிர் போகும். வார்ப்பிரும்பையும் அலுமினியத்தையும் இந்த ராடில் பற்றவைக்க முடியாது. 'எனக்கு இன்னும் இது தெரியாதுங்க' என்று சொல்வதில் வெட்கமில்லை. அப்படிச் சொல்பவரை நம்பித்தான் ஊர் அடுத்த வேலையைத் தரும்.

ஒரு நோட்டில் தேதி, வேலை, பேசிய தொகை, முன்பணம், பாக்கி எழுதி வையுங்கள். இரும்புக்கான காசை முன்பணமாக வாங்காமல் வேலை தொடங்காதீர்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு எல்லோருக்கும் ஒரே விதி.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் ஒரு மாதத்தில் எத்தனை வீட்டு இரும்பு வேலை டவுனுக்குப் போகிறது? வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம்.

2. நம் குழுவில் பழக விருப்பமுள்ளவர் யார்? இரண்டு பேராகப் போனால் துணையும் ஆச்சு, கனம் தூக்கவும் ஆச்சு.

3. பயிற்சி நாட்களில் அவர்கள் வீட்டுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

4. பயிற்சி முடித்து, பத்து இணைப்பு சுத்தியல் சோதனையில் தாங்கிய பிறகே மெஷின் கடன் என்று தீர்மானம் போடலாமா?

5. கிரைண்டர், மெஷினைக் குழுவின் சொத்தாக வாங்கி வாடகைக்குத் தரலாமா? அப்படியானால் பழுதுச் செலவு யாருடையது?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.